பழைய டப்பாவில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

அம்மா எங்களோடு வந்து தங்குவது என்று முடிவானபோது, அவளுடைய துணிமணிக்கு முன்னால் வந்து சேர்ந்தவை சமையலறைச் சாமான்கள்தான். நான்கு அட்டைப்பெட்டிகள். கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டப்பா, பாட்டில், பொட்டலம் எல்லாம் சேர்த்து 37 தேறின. பாதிக்கு மேல் தேதி தாண்டியவை. சிலவற்றில் தேதியே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பார்க்காம கொட்டிடாதே."

சரி என்று ஒவ்வொன்றையும் திறந்து, முகர்ந்து, கையில் தேய்த்துப் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. அப்போது பிடிபட்ட ஒரு விஷயத்தை வைத்துத்தான் இன்றுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் அலமாரியையும் சுத்தம் செய்கிறேன். "இது கெட்டுப்போச்சா?" என்று கேட்டால் அடுப்பு, குப்பைத்தொட்டி என்று இரண்டே வழிதான் கண்ணில் படும். "இதிலிருந்து எது போயிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மசாலாவில் மணம் போயிருக்கும், நிறம் இருக்கும். மாவில் ருசி போயிருக்கும், பசை இருக்கும். பயறில் மிருது போயிருக்கும், சத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். மிச்சம் இருப்பது எதுவோ அதற்கேற்ற வேலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

முதலில், எந்த வேலைக்கும் ஆகாதவை

இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை, அம்மாவோடும் இல்லை. பூசணம் பிடித்த தானியம், கடலை, சோளம், மாவு எல்லாம் வெளியே போக வேண்டும். மேலே இருப்பதை எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாம் என்ற பேச்சே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணத்தைத் தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூசணம் உண்டாக்கிய நஞ்சு என்று தெரிந்தது. அதற்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். சமையல் சூட்டில் அது முழுவதும் அழியாது. அதனால் "மனுஷனுக்கு ஆகாட்டி பறவைக்குப் போடலாமே" என்பதும் தப்பு. நமக்கு ஆகாதது அவற்றுக்கும் ஆகாது.

உப்பிய டின், ஓரத்தில் கசிந்த டின், திறக்கும்போது பீறிடும் டின், இவற்றை நாக்கில் வைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட டின்னில் கிருமி உண்டாக்கும் பாட்யுலிசம் நஞ்சுக்கு வாடையோ ருசியோ இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் பால் மாவில் அச்சிட்ட தேதிதான் கடைசித் தேதி. அதற்குமேல் ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது.

மற்ற பொட்டலங்களில் தேதி எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்று இருந்தால் அது தரத்தைப் பற்றிய வாக்குறுதி. மறுநாளே விஷமாகிவிடும் என்று பொருள் இல்லை. உலர்ந்த மளிகைச் சாமான்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்றால் மதித்து நடங்கள்.

மணம் போன மசாலா

அம்மாவின் பெட்டிகளில் அதிகம் இருந்தது இதுதான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர வேண்டும். டப்பாவைத் திறந்து முகர்வது போதாது, மூடிக்குள் தேங்கிய மணம் ஏமாற்றிவிடும். தேய்த்தபின் லேசாகவாவது மணம் வந்தால் சமையலுக்கு ஆகும், அளவை மட்டும் ஒன்றரை மடங்கு ஆக்கினால் சரி. தூசி வாடை மட்டும் வந்தால் அதைச் சமையலில் போட்டுப் பயனில்லை. உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, கொடுப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

முழு மசாலா பொடியைவிட நீண்ட காலம் தாங்கும். பொடிக்குப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு, முழுதாக இருந்தால் நாலு ஆண்டு வரைகூட. மணத்தைத் தரும் எண்ணெய்கள் காற்றில் பறந்துவிடுபவை. பொடித்த பிறகு அவை தப்பிக்க ஆயிரம் வாசல் கிடைத்துவிடுகிறது. ஆகவே பழைய மிளகு, சீரகம், மல்லி விதை கிடைத்தால் உடனே ஒதுக்காதீர்கள். வெறும் வாணலியில் மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, ஆறவைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொடியுங்கள். உள்ளே மிச்சம் இருந்த மணம் வெளியே வந்துவிடும். அம்மாவின் ஆறு ஆண்டுச் சீரகம் இப்படித்தான் பிழைத்தது.

அப்படியும் எழாத பட்டை, கிராம்பு, ஏலத்தோல் எல்லாவற்றையும் ஒரு பழைய பாட்டிலில் சேர்த்து வைக்கிறேன். மீன் பொரித்த நாளிலோ ஏதாவது தீய்ந்த நாளிலோ ஒரு பாத்திரத்தில் பாதிவரை தண்ணீர் விட்டு, இதில் ஒரு கைப்பிடி போட்டு, எலுமிச்சைத் தோல் இருந்தால் அதையும் சேர்த்துச் சிறு தீயில் அரை மணி நேரம் விட்டால் சமையலறை வாடை மாறிவிடும். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று டப்பா இருந்தது, மூன்றிலும் மணம் இல்லை. ஆனால் வெளிச்சம் படாத டப்பா என்பதால் நிறம் அப்படியே இருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு தேக்கரண்டி மஞ்சளைக் கைகழுவப் பயன்படும் சானிடைசரில் குழைத்து வெள்ளைத் தாளில் தூரிகையால் பூசினோம். தண்ணீரிலும் குழைக்கலாம், ஆனால் ஆல்கஹாலில் நிறம் நன்றாக இறங்கும். தாள் காய்ந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து எழுதச் சொன்னேன். அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். குச்சி போன இடமெல்லாம் மஞ்சள் கறுத்துச் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் திரும்பிவிடும். அன்று மாலை முழுவதும் வீட்டில் இருந்த சோப்பு, தயிர், ஷாம்பு, பற்பசை எல்லாம் அந்தத் தாளில் சோதனைக்கு வந்தன. அம்மாவும் தரையில் உட்கார்ந்து தன் பங்குக்குச் சலவைப் பொடியைக் கரைத்துக் கொடுத்தாள். மஞ்சள் துணியில் பட்டால் எளிதில் போகாது, பழைய உடுப்பில் செய்யுங்கள்.

வேகாத பயறு

கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி, பட்டாணி, எதுவானாலும் நாலைந்து ஆண்டு ஆனால் ஒரு பிடிவாதம் வந்துவிடும். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் கல். பலர் தங்கள் சமையலைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். தப்பு சமையலில் இல்லை. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் இருந்த பயறில், செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்து இறுகிவிடுகிறது. சாதாரணமாகக் கொதிநீரில் கரைய வேண்டிய அந்த ஒட்டு கரையாமல் நிற்கிறது. கடின நீராக இருந்தால் அதில் உள்ள கால்சியமும் சேர்ந்துகொள்ளும்.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். உப்பிலும் சமையல் சோடாவிலும் உள்ள சோடியம் அந்தக் கால்சியத்தை விலக்கி இடத்தைப் பிடிக்கும். சோடாவின் காரத்தன்மையும் பெக்டினைக் கரைக்கும். நான் செய்யும் முறை இது. ஒரு கப் பயறைப் பொறுக்கிக் கழுவி, நாலு கப் தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் போட்டு 12 மணி நேரம் ஊறவிடுகிறேன். காலையில் பார்த்தால் மூன்று வகை தெரியும். நன்றாக உப்பியவை, தோல் மட்டும் சுருங்கி உள்ளே ஊறாதவை, போட்ட அன்று இருந்த அதே அளவில் கிடப்பவை. மூன்றாவது வகையைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அவை வேகப்போவதில்லை. மற்றதை வடித்து, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா மட்டும் சேர்த்துப் பிரஷர் குக்கரில் வையுங்கள். வழக்கமாக வைக்கும் நேரத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாக. தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதையும் வெந்து மசிந்த பிறகே சேருங்கள். அமிலம் முன்னாடியே போனால் அந்தப் பெக்டின் மறுபடி இறுகும். சோடாவைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமே என்று நினைக்க வேண்டாம், சோப்பு ருசி வந்து குழைந்துவிடும்.

இப்படி வெந்த பழைய பயறு முழுசாக அழகாக இருக்காது. தோல் கழன்று, சில உடைந்து இருக்கும். அதனால் முழுப் பயறு தெரிய வேண்டிய பண்டத்துக்கு வேண்டாம். மசித்துச் சூப்பாகவோ, அரைத்து ரொட்டியில் தடவும் விழுதாகவோ செய்தால் புதுப் பயறுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

ராஜ்மாவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம்தான் காரணம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் பத்திரம். கொதிநிலைக்கு வராத மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைப்பது ஆபத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. பழைய ராஜ்மா வேகத் தாமதமாகும் என்பதால் "போதும், கொஞ்சம் கடினமாக இருந்தால் என்ன" என்று இறக்கிவிடாதீர்கள்.

ஊறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பயறை நான் சமைப்பதை விட்டுவிட்டேன். பேக்கிங் செய்பவர்களுக்கு அது நல்ல எடைக்கல். பை, டார்ட் போன்ற பண்டங்களுக்கு அடிமாவை மட்டும் முதலில் சுடும்போது நடுவில் உப்பாமலிருக்க, மேலே பேக்கிங் தாள் விரித்து இரண்டு கப் பயறைக் கொட்டிச் சுடலாம். ஆறியதும் டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் அதுவே. என்னிடம் உள்ள டப்பாவில் "சமைக்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், பலமுறை சூடேறிய பயறு எந்த வித்தைக்கும் வேகாது.

மாவு

முழுக் கோதுமை மாவு மைதாவைவிடச் சீக்கிரம் கெடும். முளையிலும் தவிட்டிலும் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிப்போகும். நாக்கின் பின்பக்கம் ஒட்டும் கசப்பும், பழைய பெயின்ட் போன்ற வாடையும் அதற்கு அடையாளம். அப்படி ஆன மாவை ரொட்டி சுட்டு மறைக்க முடியாது. சிறு செம்பழுப்பு வண்டுகள் ஓடி, மாவு லேசாகச் சிவந்து, மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் அதுவும் வெளியே. அந்த வண்டுகள் விடும் குயினோன்கள் என்ற வேதிப்பொருள்கள் மாவில் ஏறியிருக்கும்.

ருசி மட்டும் மங்கிய, பூசணமோ நெடியோ இல்லாத மாவில் பசை காய்ச்சலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஒட்டு வேலைகள் பல ஆண்டு இதில்தான் நடந்தன. கால் கப் மாவைச் சலித்து, கால் கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஒரு கப் தண்ணீர் சூடாகிக் கொதிக்கத் தொடங்கும்போது கரைசலை நூல்போல ஊற்றிக்கொண்டே மற்றக் கையால் கிளறுங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது, பால்போலவே இருக்கும். பிறகு கரண்டியின் இழுப்பு திடீரென்று கனக்கும், வெள்ளை நிறம் மங்கிக் கொஞ்சம் கண்ணாடித்தன்மை வரும். ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்து உடையும் நேரம் அது. அதன்பின் இரண்டு நிமிடம் விடாமல் கிளறி இறக்க வேண்டும். ஆறும்போது மேலே ஆடை கட்டும். வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாட்டிலில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும். புளித்த வாடை வந்தால் முடிந்தது. காகிதத்தைக் கீறி இந்தப் பசையில் தோய்த்துப் பலூன்மேல் ஒட்டினால் முகமூடி, கிண்ணம் எல்லாம் செய்யலாம். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபிறகே அடுத்தது.

ஒரு காரியத்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். அருமையான பழைய புத்தகத்தை ஒட்டுவதற்கு. புத்தகம் கட்டுபவர்கள் பயன்படுத்துவது புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச். வெறும் மாவுப்பசை நாளாவட்டத்தில் மஞ்சளாகும், பூச்சியை அழைக்கும்.

உப்பு மாவுப் பொம்மைக்கும் பழைய மைதா பொருத்தம். மாவு 2 கப், கட்டி தட்டிய பழைய உப்பைப் பொடித்து 1 கப், தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கித் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். பத்து நிமிடம் பிசைந்து, அரை அங்குல கனத்துக்கு மேல் போகாமல் உருவம் செய்து, 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தலாம், இல்லையென்றால் நாலைந்து நாள் காற்றில். கெட்ட வாடை வீசும் மாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பச்சை மாவில் கிருமிகள் இருக்கலாம் என்பதால் பிசைந்த கையை வாயில் வைக்காமல் சோப்பு போட்டுக் கழுவட்டும். வீட்டில் நாய் இருந்தால் இந்தப் பொம்மைகள் அதற்கு எட்டவே கூடாது. அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து.

அரிசியும் வண்டும்

தீட்டிய வெள்ளை அரிசி காய்ந்து, மூடி இருந்தால் எளிதில் கெடாது. காற்றை நீக்கி அடைத்தால் முப்பது ஆண்டுகூடத் தாங்கும். தவிடு நீக்காத அரிசிக்கு அந்த ஆயுள் இல்லை, சாதாரண அறையில் ஆறு மாதம் போல. காரணம் அதே எண்ணெய்தான்.

அம்மாவின் அரிசியில் வண்டு இருந்தது. பெண் வண்டு அரிசியில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, பசைபோன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகித்தான் வெளியே வரும். ஆகையால் கண்ணில் படும் வண்டைப் பொறுக்கினால் வேலை முடிந்ததாகாது. அரிசியைச் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் வைத்தால் முட்டையும் சாகும். எடுத்தபின் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு புடைத்துக் கழுவிச் சமைக்கலாம். இந்த வண்டு நமக்கு நோய் எதையும் கொடுப்பதில்லை. இருந்தாலும் அருவருப்பு அருவருப்புதான், சாப்பிட மனம் வராதவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

எங்களுக்கும் இரண்டு கிலோவை உண்ண மனம் வரவில்லை. அதில் அம்மாவின் தோள்வலிக்கு ஒத்தடப் பை தைத்தேன். முழுப் பருத்தித் துணி, பருத்தி நூல், ஜிப்போ பொத்தானோ கிடையாது. முக்கால் பாகம் அரிசி. மைக்ரோவேவில் பக்கத்தில் ஒரு கப் தண்ணீரும் வைத்து முதலில் 30 விநாடி, தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் 30. மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. முழுதாக ஆறாமல் மறுபடி சூடேற்றக் கூடாது, தீப்பிடிக்கும். கருகல் வாடை ஆரம்பித்தால் அந்த அரிசியின் காலம் முடிந்தது. குழந்தைகளுக்கும், உணர்ச்சி மரத்த தோல் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

வாய் குறுகிய ஃப்ளாஸ்க், பாட்டிலின் அடிக்கறைக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி, கொஞ்சம் வெந்நீர், சோப்பு. மூடி நன்றாகக் குலுக்கினால் பிரஷ் போகாத மூலையும் வெளுக்கும். மிக்ஸியில் ஏறிய மசாலா வாடைக்கு ஒரு கைப்பிடி அரிசியை உலர அரைத்துக் கொட்டுங்கள். நனைந்த கைபேசியை மட்டும் அரிசியில் புதைக்காதீர்கள், ஈரத்தை அது சரியாக இழுப்பதில்லை. தூசிதான் உள்ளே போகும். ஆப்பிள் நிறுவனமே 2024இல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

காறிய எண்ணெயும் கொட்டைகளும்

பாதாம், முந்திரி, நிலக்கடலை வெறுமனே நமுத்திருந்தால் 160 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வறுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். காறல் கசப்பு வந்திருந்தால் திரும்பாது. எண்ணெயும் அப்படித்தான். ஒருமுறை காறினால் அதைச் சமையலுக்குக் கொண்டுவர வழி இல்லை, புது எண்ணெயில் கலந்தால் புதியதும் வீணாகும்.

ஆனால் அதன் வழவழப்பும் கரைக்கும் குணமும் போகவில்லை. பாட்டிலில் ஒட்டிய லேபிளின் பசையில் தடவி கால் மணி நேரம் விட்டால் சுரண்டாமலே வரும். கையில் ஒட்டிய எண்ணெய்ப் பெயின்டுக்கும் இதைத் தேய்த்துவிட்டுச் சோப்பு போடலாம். கதவுக் கீலுக்கு விடும் பழக்கம் பலருக்கு உண்டு, நானும் விட்டிருக்கிறேன். அன்றைக்குச் சத்தம் நின்றது. சில மாதத்தில் பிசினாகித் தூசியைப் பிடித்து முன்பைவிட மோசமானது. வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்று காற்றில் உலரும் எண்ணெய்கள் உலரும்போது சூடு உண்டாக்கும், சுருண்ட துணியில் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பாட்டிலில் நிரப்பி இறுக மூடிக் குப்பையில் சேருங்கள்.

பொங்கவைப்பவை

சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சமையல் சோடாவில் வினிகர் சில சொட்டு, பேக்கிங் பவுடரில் வெந்நீர். சீறிக்கொண்டு பொங்கினால் நல்லது. ஈஸ்டுக்குக் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், ஏறக்குறைய 40 டிகிரி. அதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி ஈஸ்டும். பத்து நிமிடத்தில் நுரைத்து இரட்டிக்காவிட்டால் உயிர் இல்லை என்று பொருள், எரு குழிக்கு.

பொங்குவது குறைந்த சோடாவுக்கு இன்னும் காரம் இருக்கிறது. தீய்ந்த ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரவு முழுதும் வைத்தால் கரி பெயர்ந்து வரும். அலுமினியத்தில் இதைச் செய்யக் கூடாது, கறுத்துவிடும். சோடாவையும் வினிகரையும் கலந்து துப்புரவு செய்வது பெரிதாகப் பேசப்படுகிறது. பொங்கி முடிந்ததும் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும், மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

கெடவே கெடாதவை

உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், காய்ந்த சோளமாவு. இவற்றைத் தேதி பார்த்துக் கொட்டுவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும். உப்பில் சேர்த்த அயோடின் மட்டும் நாளாக நாளாகக் குறையும். கல்லாக இறுகிய பழுப்புச் சர்க்கரைக்கு ஒரு ரொட்டித் துண்டை உள்ளே போட்டு ஒரு நாள் மூடி வைத்தால் ஈரம் ஏறி உதிரும். தேன் உறைவது அதன் குளுக்கோஸ் படிகமாவதால், 40 டிகிரிச் சூட்டு நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்குப் புதிய தேனோ பழைய தேனோ எதுவும் கூடாது. கலங்கிய வினிகரைச் சமமாகத் தண்ணீர் கலந்து கெட்டிலில் கொதிக்கவிட்டு அரை மணி வைத்தால் உப்புப் படிவு கரையும். பிளீச்சோடு மட்டும் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். சோளமாவை எண்ணெய்க் கறை பட்ட துணியில் தூவி ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிவிட்டுத் துவையுங்கள்.

மணமற்ற தேயிலையின் நிறம் கெட்டியாகவே இருக்கும். கொதிக்கவைத்து வடிகட்டிய டிகாஷனில் வெள்ளைத் தாளை ஐந்து நிமிடம் நனைத்து உலர்த்தினால் பிள்ளைகளின் பழங்கால ஓலை, வரைபட வேலைக்கு ஆகும்.

எருவுக்கு

இத்தனைக்கும் அப்பால் மிஞ்சிய மாவு, தானியம், பொடி, தேயிலை எல்லாம் எருவாகும். எண்ணெயும் உப்பும் வேண்டாம். மாவை மொத்தமாகக் கொட்டினால் பிசைந்த உருண்டையாகி நடுவில் அழுகும். ஒரு கைப்பிடிக்கு மூன்று கைப்பிடி காய்ந்த இலை என்று கலந்து, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மூடுங்கள், மேலே விட்டால் எலி வரும். முழுப் பயறை உடைத்துப் போடாவிட்டால் சிலது முளைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் தொட்டியில் அம்மாவின் காராமணி இரண்டு முளைத்தது. கொடி பிடித்துப் பூத்ததும் அம்மா தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் விடத் தொடங்கினாள்.

37 டப்பாவில் 11 சமையலறைக்கே திரும்பின, 14 வேறு வேலைக்குப் போயின, 9 எருவாயின. மூன்றுதான் குப்பைக்கு: பூசணம் பிடித்த கடலை, உப்பிய ஒரு டின், எண்ணெய்ப் பாட்டில் ஒன்றின் அடிவண்டல்.